கிரஞ்ச் கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: எந்த ஆல்பம், எந்த வரிசை, காதை எங்க வைக்கணும்

கிரஞ்ச்ங்கறது அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் இருந்து வந்த இரைச்சலான ராக். அதுல நிர்வானா, பேர்ல் ஜாம்ங்கிற பேண்டுகளோட பேரெல்லாம் கேள்விப்பட்டு, சரி என்னதான் இருக்குன்னு பாப்போம்னு ஏதோ ஒரு 90ஸ் ராக் ஹிட்ஸ் பிளேலிஸ்ட் போட்டுட்டு, நாலஞ்சு பாட்டுலயே ஒரே இரைச்சலா இருக்குன்னு நிறுத்திட்டுப் போறவங்க நிறைய பேர். அவங்க மேல தப்பே இல்ல. அந்த பிளேலிஸ்ட் எல்லா பாட்டையும் அதோட ஆல்பத்துல இருந்து பிச்சு எடுத்து வரிசையா அடுக்கி வெச்சிருக்கும், இந்த மியூசிக்கை அப்படிக் கேட்டா பாதி காணாமப் போயிடும். எனக்கு இது உயிரு, அதனால புதுசா வர்றவங்க யாரும் வாசல்லயே திரும்பிப் போகக்கூடாதுன்னு எந்த வழியா உள்ள நுழையலாம்னு விரிவா எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். நம்ம காது சினிமாப் பாட்டுல வளந்த காது. குரல் முன்னாடி தெளிவா நிக்கும், மத்த வாத்தியம் எல்லாம் அதுக்கு இடம் விட்டுப் பின்னாடி நிக்கும், நாமளும் குரலைப் பிடிச்சுக்கிட்டே பாட்டு முழுக்க போவோம். கிரஞ்ச்லயும், அதுக்கு முன்னாடி வந்த வேகமான முரட்டு ராக்கான பங்க்லயும் குரலும் கிட்டார் மாதிரி, டிரம்ஸ் மாதிரி அந்தக் கூட்டத்துல ஒரு ஆள்தான், சில சமயம் கிட்டார் அதை மூழ்கடிச்சிடும், வேணும்னேதான் அப்படி வெச்சிருப்பாங்க. அதனால முதல் தடவை வரிகளைத் தேடாதீங்க. அந்த நாலு பேர் ஒரு ரூம்ல நிக்கிறாங்க, ரூம் எவ்ளோ பெருசு, டிரம்ஸ் எவ்ளோ தூரத்துல இருக்கு, பேஸ் கிட்டார் எந்த இடத்துல உள்ள வருது, இதைத் தேடுங்க. நான் கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு பழக்கத்தை வெச்சுத்தான்.

ரெடி பண்ணிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஷஃபிளை ஆஃப் பண்ணுங்க. போன்ல பேஸ் பூஸ்ட் மாதிரி ஏதாவது போட்டிருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, ஏன்னா இந்த ஆல்பங்கள்ல பேஸ் ஏற்கனவே தேவையான அளவுக்கு இருக்கு. ஹெட்போன் சாதாரணமானது போதும், ஆனா ரெண்டு காதுலயும் சரியா வேலை செய்யணும், காரணம் பின்னாடி ராமோன்ஸ் கிட்ட வரும்போது புரியும். ஒரு ஆல்பம் 40 நிமிஷம் சொச்சம், அதுவரைக்கும் போனை கவுத்து வெச்சிடுங்க.

இப்ப நுழையற இடம். எல்லாரும் நிர்வானாவோட 'நெவர்மைண்ட்' ஆல்பத்துல இருக்கற 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'ல ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, நான் அதே ஆல்பத்தோட கடைசில இருக்கற 'சம்திங் இன் தி வே'ல ஆரம்பிக்கச் சொல்லுவேன். 2022ல வந்த பேட்மேன் படத்துல நிறைய பேர் கேட்டிருப்பீங்க, அதனால பாதி பழக்கமான பாட்டு. இது ரெக்கார்ட் ஆன கதை இதுதான்: 1991ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ்ல சவுண்ட் சிட்டி ஸ்டூடியோ, பேண்டா சேந்து முழு சத்தத்துல வாசிச்சுப் பாத்தும் இந்தப் பாட்டு மட்டும் அமையவே இல்ல. நிர்வானாவோட பாடகர் கர்ட் கோபெய்ன் கன்ட்ரோல் ரூமுக்குள்ள வந்து சோபாவுல மல்லாந்து படுத்துக்கிட்டு, பழைய சீப்பான ஒரு கிட்டாரை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு, இது இப்படித்தான் இருக்கணும்னு முணுமுணுப்பா பாடிக் காட்டியிருக்கார். புரொட்யூசர் பட்ச் விக் உடனே எல்லாத்தையும் நிறுத்தி, ரூமை அமைதியாக்கி, அங்கயே மைக் வெச்சு பிடிச்சுட்டார், டிரம்ஸ், பேஸ், செல்லோ எல்லாம் அதுக்கு மேல பின்னாடி சேத்ததுதான். இப்ப ஹெட்போன் போட்டு அந்தக் குரலைக் கேளுங்க, படுத்துக்கிட்டுப் பாடற ஒரு மனுஷனோட மூச்சு உங்க காதுக்குப் பக்கத்துலயே கேக்கும்.

அது பிடிபட்டுச்சுன்னா 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை முதல்ல இருந்து போடுங்க. 1991 செப்டம்பர் 24 ரிலீஸ், 1992 ஜனவரில மைக்கேல் ஜாக்சனோட 'டேஞ்சரஸ்'ஸை இறக்கிட்டு அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பப் பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்த ஆல்பம். இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு குரல். நிறைய இடத்துல கர்ட் அதே வரியை ரெண்டு தடவை பாடி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிருப்பாங்க. கர்ட்டுக்கு அதுல இஷ்டமே இல்ல, ஜான் லெனனே அப்படித்தான் பண்ணார்னு சொல்லித்தான் விக் சம்மதிக்க வெச்சார். ரெண்டாவது, அமைதி, வெடிப்பு, திரும்ப அமைதிங்கிற அந்த அமைப்பு. அது நிர்வானா கண்டுபிடிச்சது இல்ல, பாஸ்டன்ல இருந்து வந்த பிக்சீஸ் கிட்ட எடுத்தது, கர்ட்டே பேட்டில அதை ஒத்துக்கிட்டார். அதனால நெவர்மைண்ட் முடிஞ்ச கையோட பிக்சீஸோட 'சர்ஃபர் ரோசா' (1988) போட்டுடுங்க, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே விடாதீங்க, அப்பதான் ரத்த சம்பந்தம் தெரியும். அந்த ஆல்பத்துல பேஸ் வாசிச்ச கிம் டீல் பாடற சில இடம் ஸ்டூடியோ பாத்ரூம்ல வெச்சு எடுத்தது, செயற்கையா எதிரொலி சேக்கறதுக்குப் பதிலா நிஜமான சுவத்துல மோதி வந்த எதிரொலி.

அந்த பாத்ரூம் ஐடியாவுக்குப் பின்னாடி இருந்தவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வானாவோட அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் 'இன் யூட்டரோ'வை (1993) ரெக்கார்ட் பண்ணவரும் இவரேதான், மின்னசோட்டால கேனன் ஃபால்ஸ்ங்கிற சின்ன ஊர்ல பேக்கிடெர்ம்னு ஒரு ஸ்டூடியோ, பிப்ரவரி மாசம், ரெண்டு வாரத்துக்குள்ள முழு வேலையும் முடிஞ்சுது. ஆல்பினி முன்னாடியே பேண்டுக்கு ஒரு லெட்டர் எழுதினார், எனக்கு ராயல்டி வேணாம், ஒரு பிளம்பருக்குக் கூலி குடுக்கற மாதிரி வேலைக்குக் காசு குடுத்தா போதும், ஆல்பம் வித்தா அந்தப் பணம் உங்களோடதுன்னு. உலகத்துலயே பெரிய பேண்டோட ஆல்பத்துக்கு இப்படிச் சொன்ன ஆளு. பங்க்ல நேர்மைன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் முதல்ல சொல்றது இந்த லெட்டரைத்தான்.

இந்த ஆல்பத்தோட முதல் அஞ்சு செகண்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்க. டேவ் க்ரோல் டிரம் குச்சியைத் தட்டி எண்ணிக்கை குடுக்கறார், டக் டக் டக், அடுத்து ஒரு சுருதி கெட்ட கிட்டார் வெடிப்பு விழுது. அந்தக் குச்சி சத்தம் கேக்கும்போதே ரூம் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். நெவர்மைண்ட்ல எல்லாம் பளபளன்னு இருக்கும், இங்க டிரம்ஸ்க்கும் உங்களுக்கும் நடுவுல நிஜமான காத்து இருக்கு. எனக்கு ரெண்டுல எதுன்னு கேட்டா யோசிக்காம இன் யூட்டரோ. ஆனா வரிசையை மாத்திக் கேக்காதீங்க, நெவர்மைண்ட் கேட்டுட்டு வந்தாத்தான் இதோட முரட்டுத்தனம் ஏன்னு உறைக்கும். இதுல 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' ரெண்டையும் மட்டும் ஸ்காட் லிட் திரும்ப மிக்ஸ் பண்ணார் (மிக்ஸ்னா ரெக்கார்ட் ஆன சத்தங்கள்ல எது முன்னாடி, எது பின்னாடின்னு அமைக்கறது), அந்த ரெண்டும் மத்த பாட்டை விட வழவழன்னு இருக்கறது காதுக்குப் பிடிபடுதான்னு பாருங்க. பிடிபட்டா உங்க காது தயார்.

நிர்வானா அக்கூஸ்டிக்கா வாசிச்ச எம்டிவி கச்சேரி, அதாவது அன்ப்ளக்ட் ஆல்பம் பத்தி நான் பெருசா சொல்லத் தேவையில்ல, 1993 நவம்பர் 18 நியூயார்க்ல ரெக்கார்ட் ஆனது, அதைக் கேக்காம யாரும் இருக்க மாட்டீங்க.

அடுத்து சியாட்டில்ல மத்த மூணு பெரிய பேண்டு. இங்க ஒரு விஷயம், நாலு பேண்டையும் கிரஞ்ச்னு ஒரே பேர்ல கூப்பிடறாங்களே தவிர நாலும் நாலு திசை. பேர்ல் ஜாமோட 'டென்' (1991 ஆகஸ்ட்) கேக்கும்போது எது பழைய மிக்ஸ், எது 2009ல பிரெண்டன் ஓபிரையன் திரும்பப் பண்ண மிக்ஸ்னு பாத்துட்டுப் போடுங்க, ஸ்ட்ரீமிங்ல ரெண்டும் இருக்கும். பழசுல குரலைச் சுத்தி எதிரொலி நிறைய, கோயில் மண்டபத்துல நின்னு பாடற மாதிரி, புதுசுல அது கம்மி, கிட்டார் ரெண்டும் தனித்தனியா கேக்கும். எனக்குப் பழசுதான், எடி வெட்டரோட குரலுக்கு அந்த மண்டபம் பொருந்துது.

சவுண்ட்கார்டன் நம்மாளுங்களுக்கு ரொம்ப நெருக்கமா வரவேண்டிய பேண்டு. கிட்டாரிஸ்ட் கிம் தயில் பிறந்தது சியாட்டில்ல, ஆனா அப்பா அம்மா கேரளாவுல இருந்து போனவங்க. 90கள்ல ராக் மேகசீன் அட்டைல ஒரு மலையாளிக் குடும்பத்துப் பையன் தாடியோட நின்னது சின்ன விஷயம் இல்ல. 'பேட்மோட்டார்ஃபிங்கர்' (1991) போட்டு 'அவுட்ஷைண்ட்' வரும்போது தொடையில தாளம் போட்டுப் பாருங்க. நாலு நாலா எண்ணினா வழுக்கிட்டே போகும். ஏழா எண்ணுங்க, கச்சிதமா உக்காரும். 'சூப்பர்அன்னோன்' (1994) ஆல்பத்துல 'ஸ்பூன்மேன்' ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) ஏழுதான். மிஸ்ர சாப்பு கேட்டு வளந்தவங்களுக்கு ஏழு ஒண்ணும் புதுசில்ல, வெள்ளைக்கார ராக் ரசிகர்கள் தடுமாறற இடத்துல நாம சுலபமா உக்காந்துக்கலாம். இதுல இன்னும் அழகு என்னன்னா, பாட்டு போட்டு முடிச்சப்புறம்தான் இது என்ன கணக்குன்னு எண்ணிப் பாப்போம்னு தயில் சொல்லியிருக்கார், கணக்கு போட்டு பண்ணது இல்ல.

ஆலிஸ் இன் செயின்ஸ்க்கு மட்டும் 'டர்ட்'ல (1992) ஆரம்பிக்காதீங்க. அது மகத்தான ஆல்பம், ஆனா போதைப் பழக்கம் ஒரு ஆளை உள்ளுக்குள்ள இருந்து தின்றதை அப்படியே பாடற ஆல்பம், மனசு சரியில்லாத நாள்ல அதைப் போடவே போடாதீங்க. 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' (1994) முதல்ல. அக்கூஸ்டிக் கிட்டார்தான் அதிகம், ஒரு வாரம் பத்து நாள்ல எழுதி ரெக்கார்ட் பண்ணது, பில்போர்டுல முதல் இடத்துல நுழைஞ்ச முதல் ஈபி (முழு ஆல்பத்தை விட சின்ன ரெக்கார்ட்). லேன் ஸ்டேலி, ஜெரி கான்ட்ரெல் ரெண்டு குரலும் சேந்து போறதை கவனிங்க, பாதி நேரம் யார் மேல பாடறாங்க யார் கீழ பாடறாங்கன்னு பிரிக்கவே முடியாது. இந்த நகரத்து குரல்கள்ல மதர் லவ் போன் பேண்டோட ஆண்ட்ரூ வுட் 1990ல போயிட்டார், கர்ட் 1994 ஏப்ரல் 5, லேன் 2002ல அதே ஏப்ரல் 5, சவுண்ட்கார்டனோட கிறிஸ் கார்னெல் 2017, ஸ்க்ரீமிங் ட்ரீஸோட மார்க் லேனகன் 2022. சாவை வெச்சு இந்த மியூசிக்கை கவர்ச்சியாக்கற பேச்சு நிறைய சுத்துது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவங்க உயிரோட இருந்து வாசிச்சதுதான் நமக்குக் கிடைச்சிருக்கு, அதைக் கேளுங்க.

இப்ப மேல்தளத்துல இருந்து கீழ இறங்கறோம். சியாட்டில்ல 1984ல கிரீன் ரிவர்னு ஒரு பேண்டு ஆரம்பிச்சுது, அது உடைஞ்சு ஒரு பாதி மட்ஹனி ஆச்சு, இன்னொரு பாதி மதர் லவ் போன் ஆகி, அதோட பாடகர் ஆண்ட்ரூ வுட் இறந்தப்புறம் பேர்ல் ஜாம் ஆச்சு. இந்த ஒரு குடும்ப மரம் தெரிஞ்சா பாதி வரலாறு முடிஞ்சுது. மட்ஹனியோட 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்' (1988) ஈபியை சத்தமாப் போடுங்க. பேரே கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்கற ரெண்டு பெடலோட பேருதான், யூனிவாக்ஸ் சூப்பர் ஃபஸ், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பிக் மஃப். கிரஞ்ச் சத்தம் எப்படி இருக்கும்னு ஒரே ஒரு ரெக்கார்டைக் காட்டணும்னா நான் நிர்வானாவைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன். கூடவே நிர்வானாவோட முதல் ஆல்பம் 'ப்ளீச்' (1989). ஜாக் எண்டினோ ரெசிப்ரோக்கல்ங்கிற சின்ன ஸ்டூடியோல எடுத்தது, மொத்த செலவு 606 டாலர் 17 சென்ட், ஆல்பத்து அட்டையில 600 டாலர்னு போட்டிருப்பாங்க. அந்தக் காசைக் குடுத்தவர் ஜேசன் எவர்மேன், ஒரு நோட்டு கூட வாசிக்கல, ஆனா நன்றிக்காக அவர் பேரையும் படத்தையும் அட்டைல வெச்சாங்க. மெல்வின்ஸ் பேண்டையும் விட்டுடாதீங்க, கர்ட்டுக்கு பங்க்கையே காமிச்சுக் குடுத்தவர் அதுல இருக்கற பஸ் ஆஸ்போர்ன்தான், டேவ் க்ரோலை நிர்வானாவுக்கு அறிமுகம் பண்ணி வெச்சதும் அவரேதான்.

இன்னும் பின்னாடி போனா பங்க். ராமோன்ஸோட முதல் ஆல்பம், 1976 ஏப்ரல், மொத்தமே அரை மணி நேரம் கூட இல்ல. இங்கதான் அந்த ரெண்டு காது ஹெட்போன் வேலை. ஒரு பக்கத்தைக் கழட்டுங்க, கிட்டார் மொத்தமா காணாமப் போயிடும், வெறும் பேஸ், நடுவுல டிரம்ஸும் குரலும். மாத்திப் போடுங்க, பேஸ் போயி கிட்டார் மட்டும். அப்படி ரெண்டு பக்கமா பிரிச்சு வெச்சிருக்காங்க, அதனால ஒரு பங்க் பாட்டு எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாகம் பாகமா கழட்டிப் பாக்கறதுக்கு இதை விட நல்ல ரெக்கார்ட் கிடையாது. கிட்டார் பக்கத்துல ஜானி ராமோன் கையைக் கீழ கீழன்னு மட்டுமே அடிக்கறது கேக்கும், மேல அடிக்கவே மாட்டார், அந்த வேகத்துல அது எவ்ளோ வலிக்கும்னு கிட்டார் வாசிக்கறவங்களுக்குத் தெரியும்.

லண்டன் பக்கம் க்ளாஷ். இதுக்கு நம்ம கிட்டயே ஒரு சாவி இருக்கு. மாயா, அதாவது எம்.ஐ.ஏ., ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு, அவங்களோட 'பேப்பர் பிளேன்ஸ்' (2007) எல்லாருக்கும் தெரியும், அந்தப் பாட்டு முழுக்க ஓடற இசை க்ளாஷோட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'ல (1982) இருந்து எடுத்தது. மூலப் பாட்டும் புலம்பெயர்ந்தவங்களைப் பத்தினதுதான், எங்க போனாலும் கதவு சாத்தப்படறவங்களைப் பத்தினது. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, அப்புறம் 'லண்டன் காலிங்' (1979) முழு ஆல்பத்துக்குப் போங்க.

பங்க்கும் கிரஞ்ச்சும் ஒட்டற இடம் எதுன்னா, என் கருத்துல பிளாக் ஃபிளாக்கோட 'மை வார்' (1984), அதுவும் ரெண்டாவது பக்கம். வேகத்துக்குப் பேர் போன பேண்டு திடீர்னு வண்டியை முதல் கியர்ல போட்டு ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு பாட்டை இழுத்தாங்க, அப்ப நிறைய பங்க் ரசிகர்கள் கடுப்பானாங்க, சியாட்டில் பசங்க மட்டும் இதுதான்டா வேணும்னு பிடிச்சுக்கிட்டாங்க. 1984ங்கிற வருஷமே தனி, அதே வருஷம்தான் ஹஸ்கர் டூவோட 'ஸென் ஆர்கேட்', மினிட்மென்னோட 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்', ரீப்ளேஸ்மென்ட்ஸோட 'லெட் இட் பி' மூணும். மூணையும் ஒரே வாரத்துல கேக்கணும்னு அவசரப்படாதீங்க, ரீப்ளேஸ்மென்ட்ஸ்தான் சுலபம், அதுல தொடங்குங்க.

பொண்ணுங்க பேண்டை இந்த மாதிரி கட்டுரைல கடைசில ரெண்டு வரில முடிச்சிடுவாங்க, எனக்கு அதுல கோவம் உண்டு. சியாட்டில்ல இருந்து கொஞ்சம் தெக்கால ஒலிம்பியா ஊர்ல கேத்லீன் ஹன்னாவோட பிகினி கில், அவங்க கச்சேரில பொண்ணுங்க முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டு மேடைக்கு முன்னாடி நிக்க வெச்சாங்க, ஏன்னா அதுவரைக்கும் முன்வரிசைன்னா ஆம்பளைங்க இடிச்சுத் தள்ற இடம். நிர்வானாவோட பெரிய ஹிட்டுக்குப் பேரு வந்ததே கேத்லீன் கர்ட் வீட்டு சுவத்துல கிறுக்கின ஒரு வரியாலதான். ஹோலோட 'லிவ் த்ரூ திஸ்' (1994), பிஜே ஹார்வியோட 'ரிட் ஆஃப் மீ' (1993, இதுவும் ஆல்பினி), ஸ்லீட்டர் கின்னியோட 'டிக் மீ அவுட்' (1997), இந்த மூணும் நான் மேல சொன்ன எந்த ஆல்பத்துக்கும் குறைஞ்சது இல்ல. ஸ்லீட்டர் கின்னில பேஸ் கிட்டாரே கிடையாது, ரெண்டு கிட்டார், டிரம்ஸ், அவ்ளோதான். இவ்ளோ நேரம் பேஸைத் தேடிப் பழகின காது இங்க வந்து, அந்த இடத்தை இன்னொரு கிட்டார் எப்படி நிரப்புதுன்னு கண்டுபிடிக்கும்.

இவ்ளோ கேட்டதும் கை அரிக்கும், வாசிக்கணும்னு தோணும், தோணினா உடனே ஒரு கிட்டாரை எடுங்க, யார் கிட்டயாவது இரவல் வாங்குங்க, பழசு போதும். முதல்ல பவர் கார்ட். தடியான ஆறாவது கம்பில மூணாவது கட்டத்துல ஆள்காட்டி விரல், அஞ்சாவது கம்பில அஞ்சாவது கட்டத்துல மோதிர விரல், மத்த கம்பி எதையும் அடிக்காதீங்க. அது ஜி. அதே விரல் அமைப்பை அப்படியே நகத்திக்கிட்டே போனா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கார்ட், ராமோன்ஸ்ல பாதி கையில வந்துடும். ப்ளீச்ல இருக்கற 'அபவுட் எ கேர்ள்' வாசிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு அருமையான பாட்டு, முதல் பகுதி இ மைனர், ஜி ரெண்டு கார்டுக்கு நடுவுலதான் போயி போயி வரும், அக்கூஸ்டிக்லயும் நல்லா இருக்கும்.

அப்புறம் டிராப் டி, அதாவது ஆறாவது கம்பியை மட்டும் இ-ல இருந்து டி-க்கு இறக்கற டியூனிங். நாலாவது கம்பியை விரல் வைக்காம மீட்டுங்க, அது டி. இப்ப ஆறாவது கம்பியோட முறுக்கை மெதுவா தளத்திக்கிட்டே ரெண்டையும் சேத்து மீட்டுங்க, ஆரம்பத்துல ரெண்டு சத்தமும் ஒண்ணோட ஒண்ணு மோதி அலை அலையா ஆடும், அந்த ஆட்டம் குறைஞ்சு குறைஞ்சு ஒரு இடத்துல நின்னுடும், அங்க விடுங்க. இனிமே தடியா இருக்கற மூணு கம்பியையும் ஒரே விரலால படுக்கையா அழுத்தினாலே பவர் கார்ட். சவுண்ட்கார்டன் 'அவுட்ஷைண்ட்' இந்த டியூனிங்தான். டிஸ்டார்ஷன் பெடல் வாங்கணும்னா பிக் மஃப் மாதிரி ஏதாவது ஒண்ணு போதும், அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க ஹெட்போன் போடற ஆம்ப் பாத்து வாங்குங்க. கம்பியைத் திரும்ப இ-க்கு ஏத்தும்போது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஏத்தினதும் மத்த அஞ்சு கம்பியையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க, ஒண்ணை ஏத்தினா மத்தது லேசா இறங்கியிருக்கும்.